சம்பந்தி வீட்டுப் பூட்டு

மார்ச் 4

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் நம் பிள்ளைகள் போட்ட சட்டம். "ரெண்டு அம்மாவும் ஒரே நேரத்துல பேசுறீங்க, ரெண்டு பேருமே கேக்கறதில்ல. இனிமே எதுவா இருந்தாலும் எழுதிக்குங்க" என்று என் மகன் சொல்லிவிட்டான். பக்கத்தில் நின்று தலையாட்டியது உங்கள் பெண்தான். கணக்கு டீச்சராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்கு எழுதுவதில் ஒரு சிரமமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை கண் டாக்டரிடம் காட்ட அங்கே வந்தேன். கண்ணில் மருந்து விட்டு அனுப்பிவிட்டார்கள். எல்லாம் மங்கல். சரி, நீங்கள் வாடகைக்கு இருக்கும் நம் வீடு இருக்கிறதே, போய்ப் படுப்போம் என்று வந்தேன். என் கட்டடம், என் படிக்கட்டு, என் இரண்டாம் மாடி, என் கதவு. என் சாவியை எடுத்துப் போட்டால் உள்ளே போகவே இல்லை. மருந்தினால் ஓட்டை தெரியவில்லையோ என்று விரலால் தடவிப் பார்த்தேன். எதிர் வீட்டு லாரி டிரைவரின் மனைவி வந்து, "டீச்சர், அது புதுப் பூட்டாச்சே. அக்கா மாத்தி ரொம்ப நாளாச்சு, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் கம்பளி நூல் வாங்கப் போயிருக்கிறீர்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் போட்ட நாற்காலியில், மாடி நடையில், டாக்டர் வீட்டு வாசலில் காத்திருக்கும் நோயாளி மாதிரி உட்கார்ந்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

பூட்டை மாற்ற உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்த பிறகு, கட்டடம் முழுக்க நான் பார்த்துப் பார்த்துப் போட்ட பூட்டு அது. இரண்டு பக்கமும் சாவி போட வேண்டிய பூட்டு. பழைய பூட்டைத் திரும்ப மாட்டி எனக்குத் தகவல் எழுதவும்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி


மார்ச் 9

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். கண்ணில் மருந்தோடு நீங்கள் நடையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நூல் கடைக்கு மறுநாள் போயிருப்பேனே. அதற்காக மன்னித்துக்கொள்ளுங்கள். பூட்டுக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

குளிர் ஆரம்பித்த சமயம் ஒரு மத்தியானம் லிஃப்ட் மோட்டாரில் வயர் புகைந்தது. உங்களிடம் "சின்னதா ஒரு ரிப்பேர்" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு அது சின்னதாக இல்லை. கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கு வழியாகக் கறுப்பாகப் புகை வந்தது. வெளியே எல்லாரும் தடதடவென்று இறங்கும் சத்தம். நான் கதவைப் பிடித்து இழுக்கிறேன், திறந்தால்தானே! சாவி எங்கே? மாவு டப்பாவுக்குள். அங்கே வைக்கச் சொன்னது நீங்கள்தான். "சாவியப் பூட்டுலயே விட்டுடாதீங்க. கதவுக் கண்ணாடிய உடைச்சுக் கைய விட்டான்னா திருடனுக்கு நாமளே கதவு திறந்த மாதிரி. யாருக்கும் தோணாத எடமாப் பாத்து, மாவு டப்பாவுல வைங்க" என்றீர்கள். அன்று எனக்கே தோன்றவில்லை. முதலில் கைப்பையைக் கொட்டினேன், அப்புறம் அலமாரியை. டப்பா ஞாபகம் வந்தபோது கண் எரிந்து தண்ணீராய்க் கொட்டியது. முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். சாவி அகப்பட்டது, மாவோடு வழுக்கிக் கீழே விழுந்தது, மறுபடி தேடினேன்.

நான் தெருவுக்கு வந்தபோது எல்லாரும் என் வெள்ளைக் கையைப் பார்த்துச் சிரித்தார்கள். "அடுப்பு வேலைய முடிச்சுட்டு வரலாம்னு இருந்தீங்களா அக்கா?" என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எப்படித் தவித்தேன் என்று யாருக்கும் தெரியாது. என் பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரமே, வெளியே சாவி, உள்ளே திருகினால் திறக்கும் குமிழ் என்று ஒரு பூட்டு வாங்கி மாட்டினேன். உங்களிடம் கேட்காமல் இல்லை. மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அத்தை, நான் பக்குவமா அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்றார். அவருக்கு இன்னும் பக்குவம் வரவில்லை போலிருக்கிறது.

உங்களுக்கு ஒரு சாவியும் அனுப்பினேன். போன பார்சலில் வந்த ஸ்வெட்டரின் வலது பாக்கெட்டில், துண்டுச் சீட்டோடு இருக்கிறது. நீங்கள் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்திருந்தால் நடையில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டால் புளித்துப் போகும். போன வருஷம் நான் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வெளியே வந்தால், உங்கள் சாவியால் திறந்து வந்து, ஹாலில் உங்கள் வீட்டுக்காரர் அண்ணனும் பிளம்பரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் எழுந்து நின்று கும்பிட்டார், பாவம். பிளம்பர் ஒலியைக் குறைத்தான். நான் திரும்பிப் போய்க் குளியலறையில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்புடன்,
உங்கள் மருமகளின் அம்மா


மார்ச் 14

சம்பந்தி அம்மாவுக்கு,

பார்சலைப் பிரித்தேன். சாவி இருந்தது. சாவி தரவில்லை என்ற குற்றச்சாட்டை வாபஸ் வாங்குகிறேன். நீங்கள் வருஷா வருஷம் பாகற்காய்ப் பச்சையிலேயே பின்னி அனுப்பினால் பார்சல் பிரிக்கப்படாமல்தான் இருக்கும் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

மற்றவை அப்படியே நிற்கின்றன. புகை வந்தது வருத்தம்தான். ஆனால் கணக்காக யோசியுங்கள். நம் கதவுகளின் மேல்பாதி கண்ணாடி. பக்கத்துத் தெருவில் திருடன் என்ன செய்தான்? கண்ணாடியை உடைத்தான், கையை விட்டான், குமிழைத் திருகினான், ராஜா மாதிரி உள்ளே போனான். நீங்கள் இப்போது மாட்டியிருப்பது அதே குமிழ்தான். தீ என்றைக்கோ பிடிக்கும், பிடிக்காமலும் போகும். திருடன் தினம் வருவான்.

என் வீட்டுக்குள் நான் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதும் எனக்குப் புரியவில்லை. பிளம்பரை அழைத்து வந்தது உங்கள் குழாய் ஒழுகியதற்காக.

திங்கட்கிழமை பூட்டுக்காரர் வருவார். பழைய மாதிரிப் பூட்டையே மாட்டுவார். மறுத்தால், ஜூனில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது, நான் புதுப்பிக்க மாட்டேன். பெண் கொடுத்த இடம் என்று நீங்கள் சலுகை எதிர்பார்க்கக் கூடாது. உறவு வேறு, வீடு வேறு.

வீட்டுக்காரி


மார்ச் 22

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

"உறவு வேறு, வீடு வேறு" என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்கு உங்களுக்குக் கோடி நன்றி. ஜூனில் வீடு இல்லை என்ற வரியைப் படித்தபோது நான் பயந்துபோனது உண்மை. பின்னல் மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? அவர் போன பிறகு நான் பின்னிச் சம்பாதித்து, யார் கையையும் எதிர்பார்க்காமல் குடியிருக்கும் முதல் வீடு இது. ஆனால் இத்தனை நாளும் இங்கே நான் இருந்தது வாடகைக்காரியாக அல்ல, சம்பந்தி வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவளாக. பெண்ணைப் பெற்றவள் வாயைத் திறந்தால் பெண்ணுக்குச் சங்கடம் என்று எல்லாவற்றையும் மென்று முழுங்கினேன். இப்போது நீங்களே பிரித்துவிட்டீர்கள். இனி வீட்டைப் பற்றி வாடகைக்காரியாகப் பேசுகிறேன்.

திங்கட்கிழமை பூட்டுக்காரர் வந்தார். "இப்ப வேண்டாங்க, நான் கொஞ்சம் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படியே தீயணைப்பு நிலையத்துக்கு நடந்தேன். ஒரு கதவுக்கு விதி என்ன என்று கேட்கத்தான் போனேன். அங்கே இருந்த அதிகாரி, நம் பெண்ணைவிடச் சின்னவள், முழங்கால் வரை பூட்ஸ், கையில் பிஸ்கட். நான் மாவு டப்பா கதையைச் சொல்லச் சொல்ல பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மா, கட்டடத்துல எல்லா வீட்லயும் இதே பூட்டா?" என்றாள். ஆமாம் என்றேன். மறுநாளே வந்துவிட்டாள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பரீட்சை. "தீப் பிடிச்சிருச்சுன்னு வைங்க. கண்ண மூடிக்கிட்டு வெளிய வாங்க." கீழ்வீட்டுப் பேண்டு வாத்தியக்காரர் சாவியை டிரம்பெட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார். குலுக்கினார், வரவில்லை. ஊதினார், அப்போதும் வரவில்லை. கட்டடமே கூடி நின்று சிரித்தது. எதிர் வீட்டில் குழந்தை சாவியை எங்கேயோ போட்டுவிட்டதாம், இரண்டு நாளாகக் கதவையே பூட்டாமல் இருக்கிறார்கள். உங்கள் பூட்டு அவர்களைத் திருடனிடமிருந்து காப்பாற்றிய லட்சணம் அது.

மூன்றாம் மாடியில் நைட் டியூட்டி நர்ஸ் பகலில் தூங்குவாளே, அங்கே தட்டினோம். உள்ளிருந்து தூக்கக் குரல் வந்தது. "சாவி அவர்கிட்ட இருக்கு. என்ன எழுப்ப வேணாம்னு வெளிய பூட்டிட்டுப் போயிருவாரு. சாயங்காலம் வாங்க." அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் தினமும் அப்படித்தான் தூங்குகிறாள், சம்பந்தி அம்மா. அன்று புகை வந்தபோதும் அவள் உள்ளேதான் இருந்தாள். தூங்கிக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

ஒரே நடையில் வெளியே வந்தது நான் ஒருத்திதான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து முடிப்பதற்குள் எனக்கும் விழுந்தது திட்டு. "கதவு திறக்குது சரி, இதென்ன வாசல்ல கம்பளி மூட்டை? பத்தினா முதல்ல இதுதான் பத்தும்" என்று, வாசலோரம் நான் அடுக்கியிருந்த நூல் மூட்டைகளைத் தன் கையாலேயே இழுத்து உள்ளே தள்ளினாள். அவள் போன பிறகு எல்லாவற்றையும் படுக்கையறைக்கு மாற்றிவிட்டேன்.

அவள் சொன்ன விதிகள் இவை. ஆள் குடியிருக்கும் வீட்டுக் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். வாடகைக்காரர் பூட்டை மாற்றினால் உரிமையாளரிடம் எழுத்தில் சொல்லிச் சாவி கொடுக்க வேண்டும். அதில் நான் பாதிதான் செய்தேன், மாப்பிள்ளை மூலம் சொன்னது செல்லாதாம். உரிமையாளர், அவசரம் தவிர மற்ற நேரத்தில், முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

திருடனைப் பற்றி நீங்கள் சொன்னதையும் கேட்டேன். நியாயமான பயம் என்றாள். ஆனால் அதற்குக் கண்ணாடியை எடுத்துவிட்டுப் பலகை போட வேண்டும், இல்லை உடையாத கண்ணாடி போட வேண்டுமாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவானேன்?

உங்களுக்கு நோட்டீஸ் வரும். நான் வரவழைத்ததுதான், மறைக்கவில்லை.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி வாடகைக்காரி


மார்ச் 31

சம்பந்தி அம்மாவுக்கு,

நோட்டீஸ் வந்தது. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேருக்கு நோட்டீஸ் கொடுத்தவள், எனக்கு வந்தது இதுதான் முதல். அதுவும் சம்பந்தி உபயம். படித்ததும் இங்கே பாத்திரங்கள் சத்தமாக வைக்கப்பட்டன என்று மகனிடம் உங்கள் அண்ணன் போனில் சொன்னார். உண்மைதான்.

நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதற்கு முன் ஒரு நிரூபணம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். இந்தப் பூட்டை முதலில் மாட்டியது இங்கே நான் இருக்கும் வீட்டில். இதைப் பார்த்துத்தான் கட்டடம் முழுக்கப் போட்டேன். ஒழுங்காக இருப்பவர்களுக்குச் சாவி உடனே கிடைக்கும், மாவு டப்பாவில் துழாவுவது உங்கள் ஒழுங்கின்மை என்று காட்டுவதாக இருந்தேன். டப்பா யோசனை என்னுடையது என்பது ஞாபகம் இருக்கிறது, நீங்கள் சொல்ல வேண்டாம்.

வாசல் கதவைப் பூட்டி, சாவியை மாட்டச் சொல்லி உங்கள் அண்ணனிடம் கொடுத்தேன். என் சாவி எப்போதும் கடிகாரத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கண்ணைக் கட்டிக்கொண்டேன். உங்கள் அண்ணனைப் "புகை, புகை" என்று கத்தச் சொன்னேன். அவர் கத்தியது இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்பது போல இருந்தது. கடிகாரத்துக்குப் பின்னால் கையை விட்டேன். ஆணிதான் இருந்தது.

"சாவி எங்கே?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச எடமாச்சேன்னு நாந்தான் மாத்தி வெச்சேன்."

"எங்க வெச்சீங்க?"

"நல்ல எடமாத்தான் வெச்சேன்" என்றார்.

அவருக்கு ஞாபகம் வரவில்லை. சற்று முன் என் கையிலிருந்து வாங்கிக் கொண்டுபோய் வைத்தவர் அவர்தான், அதற்குள் மறந்துவிட்டது. வீடு முழுக்கத் தேடினோம். பால்காரர் வந்து மணி அடித்தார், ஜன்னல் கம்பி வழியாகப் பாலை வாங்கிக்கொண்டேன். "ஏன் டீச்சர், கதவு திறக்கலையா?" என்றார். "பரீட்சை நடக்குது" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். தேடித் தேடி உங்கள் அண்ணனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். அவருக்கு மூச்சிழுப்பு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டரைக் கூப்பிட்டால் அவர் எப்படி உள்ளே வருவார்? தீயும் இல்லை, புகையும் இல்லை, என் வீட்டில் என் பூட்டு எங்கள் இரண்டு பேரையும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது. நான் பயந்துவிட்டேன், சம்பந்தி அம்மா. வாய்விட்டு அழுதேன்.

சாவி அவருடைய பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டில் இருந்தது. மூச்சு சீரானதும் அவராகவே எடுத்துக் கொடுத்தார்.

நிரூபணம் தோற்றது. விடை தப்பு என்றால் அடித்துவிட்டு அடுத்த வரியில் சரியாகப் போடு என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கட்டடத்தில் எல்லாக் கதவுக்கும் உள்ளிருந்து திருகும் பூட்டு, மேல்பாதிக்குப் பலகை, என் செலவில். பூட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். முதலில் மூன்றாம் மாடிக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். ஒப்பந்தத்தை ஜூனில் புதுப்பிக்கிறேன்.

நீங்கள் செய்தது சரி. இதை மகனிடம் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
டீச்சர்


ஏப்ரல் 13

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

காட்டவில்லை. என் பெண்ணுக்குப் படித்து மட்டும் காட்டினேன்.

அண்ணன் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பூட்டையும் மாற்றிவிட்டீர்களா என்று முதலில் எழுதுங்கள்.

இங்கே வேலை முடிந்தது. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கடைசிக் கதவிலும் பூட்டு மாட்டி முடித்ததும் அதிகாரி வந்து, கீழே தெருவில் நின்று விசில் ஊதினாள். எல்லாக் கதவும் ஒரே சமயத்தில் திறந்தன. டிரைவர், அவர் மனைவி, குழந்தை, நான், எல்லாரும் கடகடவென்று இறங்கினோம். நர்ஸ் பெண் தூக்கக் கலக்கத்தோடு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, தன் கையாலேயே கதவைத் திறந்து இறங்கி வந்தாள். அவளைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். வாத்தியக்காரர் டிரம்பெட்டை எடுத்து வந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கல்யாண மெட்டு வாசித்தார். சாவி இல்லாததால் சத்தம் நன்றாக வந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டி, "ஓனர்கிட்ட குடுத்துருங்க, நல்ல ஓனர்" என்றாள். இணைத்திருக்கிறேன்.

எல்லாரும் என்னை "லீடர் அக்கா" என்கிறார்கள். தலை கால் புரியவில்லை எனக்கு. இந்த வயதில் முதல் தடவையாக ஒன்றைக் கேட்டேன், கிடைத்தது.

அன்புடன்,
லீடர் அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

பூட்டு மாற்றியாகிவிட்டது. உங்கள் அண்ணன் காரணமே இல்லாமல் தினமும் கதவைத் திருகித் திறந்து பார்க்கிறார்.

மே மாதம் முதல் வியாழக்கிழமை கண் டாக்டரைப் பார்க்க அங்கே வர வேண்டும். விதிப்படி முன்கூட்டி எழுதுகிறேன். அன்று உங்கள் வீட்டுக்கு வந்து தங்கலாமா? "உங்கள் வீட்டுக்கு" என்று எழுதுவதற்கு என் கை கொஞ்சம் முரண்டு பிடித்தது. எழுதிவிட்டேன்.

டீச்சர்


ஏப்ரல் 21

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன். முதலில் எழுதியது "தாராளமாக வாருங்கள், எப்போது வந்தாலும் உங்கள் வீடுதானே" என்று. நம் பிள்ளைகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து உங்களிடம் நான் சொல்லி வரும் பதில் அதுதான். இதுவரை ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.

வியாழக்கிழமை எனக்கு வசதிப்படாது. டாக்டரிடம் தேதியை மாற்றிக் கேட்டு, வெள்ளிக்கிழமை வாருங்கள். அண்ணனையும் அழைத்து வாருங்கள். வேண்டும் மட்டும் தங்கலாம்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 24

அன்புள்ள சம்பந்திக்கு,

மாப்பிள்ளை வீட்டுக்காரியிடம் "வசதிப்படாது" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை உங்கள் அண்ணனிடம் நீட்டினேன். படித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்கப் பயந்து, எழுந்து போய்க் கதவைத் திருகித் திறந்து வைத்துக்கொண்டார். நான் சிரித்த பிறகுதான் உள்ளே வந்தார்.

டாக்டரிடம் தேதியை மாற்றியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வருகிறோம். வியாழக்கிழமை உங்களுக்கு அப்படி என்ன வேலை என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்கிறார் உங்கள் அண்ணன். கேட்கவில்லை. வந்து கேட்டுக்கொள்கிறேன்.

டீச்சர்